கரும்பு வெட்டுக்கு முன்பும் பின்பும்

கரும்புக்குப் பணம் வருடத்துக்கு ஒரு தடவைதான். பால் ஊற்றுகிறவர்களுக்குச் சொசைட்டியில் அடிக்கடி பட்டுவாடா உண்டு. நெல் என்றால் போகத்துக்குப் போகம் கையில் கொஞ்சம் புரளும். கரும்பை ஆலையில் பதிவு செய்து, பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் கட்டி, வெட்டு உத்தரவு வந்த பிறகு ஆள் வைத்து வெட்டி, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்கப்புறமும் சில வாரம் காத்திருந்தால்தான் மொத்தமாக ஒரு தொகை வரும். எங்கள் பெரியம்மாவின் கம்மல் வருடா வருடம் கார்த்திகைவாக்கில் அடகுக் கடைக்குப் போகும், பணம் வந்ததும் திரும்பி வரும். அவர் காதைப் பார்த்தே அந்த வீட்டில் கரும்பு வெட்டியாகிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

இதை ஒரு உளவியல் சோதனையாக மாற்றியவர்கள் நான்கு பேர்: ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ். அவர்களுடைய கட்டுரை 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் சோதித்திருந்தார்கள். அதே கட்டுரையின் இன்னொரு பாதி அமெரிக்காவில் ஒரு வணிக வளாகத்தில் நடந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு நேரெதிர் வடிவமைப்புகள். சோதனை வடிவமைப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்டு வரும் மாணவர்களுக்கு நான் இந்த ஒரு கட்டுரையைத்தான் கொடுப்பது வழக்கம். அதில் இருக்கும் ஓட்டைகளையும் சேர்த்து.

கேள்வி என்ன?

கையில் பணமில்லாதவர்கள் எடுக்கும் சில முடிவுகள் அவர்களுக்கே பாதகமாக முடிகின்றன. மருந்தைப் பாதியில் நிறுத்துவது, கந்துவட்டிக்கு வாங்குவது, தவணைத் தேதியை மறந்து அபராதம் கட்டுவது. படிப்பில்லை, பொறுப்பில்லை என்று காரணம் சொல்லிவிட்டுப் போவது ஊர் வழக்கம். இந்த நால்வரும் வேறொன்றைச் சந்தேகித்தார்கள். பணக் கவலையே மனதில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மிச்சமிருக்கிற இடத்தில் வேறு எதையும் சரியாக யோசிக்க முடிவதில்லை. அப்படியானால் அதே ஆள், கவலை நீங்கியதும், இன்னும் நன்றாக யோசிக்க வேண்டும்.

இதைச் சோதிக்க மிகச் சுலபமான வழி, வசதியான ஐம்பது பேரையும் வசதியில்லாத ஐம்பது பேரையும் உட்கார வைத்துப் புதிர் கொடுப்பது. வித்தியாசம் நிச்சயம் வரும். ஆனால் அதை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அந்த இரு கூட்டத்துக்கும் பள்ளிக்கூடம் வேறு, சின்ன வயதில் சாப்பிட்ட சாப்பாடு வேறு, உடம்பு வேறு, பரீட்சைத் தாளைப் பார்த்த பழக்கம் வேறு. இதில் பணக் கவலையின் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? மறுகோடியில், குலுக்கல் போட்டுப் பாதிப் பேரை ஏழையாக்கிப் பார்க்கலாம் என்றால், அதை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

பாடப்புத்தகத்தில் இந்த இடத்தில் ஒரு அட்டவணை இருக்கும். வெவ்வேறு ஆட்களை வெவ்வேறு நிலையில் சோதிப்பது, ஒரே ஆட்களை எல்லா நிலையிலும் சோதிப்பது, ஒத்த ஆட்களை ஜோடி சேர்த்துப் பிரிப்பது என்று மூன்று வரிசை. எதிரே நன்மை, தீமை. மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டு வருவார்கள். அட்டவணையைப் பார்த்து வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. உங்கள் முடிவை நம்ப மறுக்கிற ஒருவர் முதலில் என்ன கேட்பார் என்று யோசித்து, அந்தக் கேள்விக்கு வாயடைக்கிற வடிவமைப்பைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அது இன்னொருவருக்கு வாய் திறந்துவிடும். அதையும் தெரிந்துகொண்டே எடுக்க வேண்டும்.

வணிக வளாகத்தில்

நியூ ஜெர்சி மாநிலம் லாரன்ஸ்வில்லில் உள்ள குவேக்கர்பிரிட்ஜ் வளாகம். முதல் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 101 பேர். ஒரு கற்பனைச் சூழலைப் படிக்கச் சொன்னார்கள்: உங்கள் கார் பழுதாகிவிட்டது, சரிசெய்ய இவ்வளவு ஆகும், எப்படிச் சமாளிப்பீர்கள்? சிலருக்கு அந்தத் தொகை 150 டாலர், மற்றவர்களுக்கு 1,500 டாலர். அந்த யோசனை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியில் இரண்டு சோதனைகள். ஒன்று ரேவன் புதிர், அதாவது ஒரு கட்டம் விடுபட்ட படத்தைக் காட்டி அங்கே எந்த வடிவம் வரும் என்று கேட்பது. இன்னொன்று, கை முதலில் போக நினைக்கும் பட்டனை விட்டுவிட்டுச் சரியான பட்டனை அழுத்த வேண்டிய சோதனை.

150 டாலர் நிலையில் வருமானம் கூடியவர்களும் குறைந்தவர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே செய்தார்கள். 1,500 டாலர் நிலையில் வருமானம் குறைந்தவர்களின் மதிப்பெண் இறங்கியது, மற்றவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

இங்கே ஏன் ஒருவருக்கு ஒரு தொகை மட்டும்? ஒரே ஆளுக்கு முதலில் 150, அப்புறம் 1,500 என்று காட்டினால் அவர் விஷயத்தை மோப்பம் பிடித்துவிடுவார். 'ஓ, பெரிய தொகை வந்தால் நான் தடுமாறுகிறேனா என்று பார்க்கிறார்களா' என்று நினைத்த நிமிடமே சோதனை கெட்டது. ரேவன் மாதிரிப் புதிர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு முறை தந்திரம் பிடிபட்டுவிட்டால் அடுத்த முறை வேகம் கூடிவிடும். அதனால் ஆளைப் பிரித்தார்கள், தொகையைக் குலுக்கலுக்கு விட்டார்கள்.

அப்புறம் வரிசையாக எதிர்வாதிகளைச் சமாளித்தார்கள். பெரிய எண்ணைக் கண்டாலே சிலருக்குக் கணக்குப் பயம் வரும், பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால்? இரண்டாம் சோதனையில் அதே எண்கள், ஆனால் பணமல்லாத கேள்விகள், வித்தியாசம் மறைந்தது. அக்கறையில்லாமல் செய்திருந்தால்? மூன்றாவதில் ஒவ்வொரு சரியான விடைக்கும் 25 சென்ட். வித்தியாசம் அப்படியே இருந்தது. கார் விஷயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டே புதிர் போட்டதுதான் காரணமா? நான்காவதில் முதலில் கார் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகே புதிர். அப்போதும் அதே கதை. இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பது ஒரு நல்ல வக்கீலின் குறுக்கு விசாரணையைக் கேட்பது மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு சந்தேகம் போகாது. அந்தக் கார் நிஜமாகப் பழுதாகவில்லை.

கரும்புக் காட்டில்

அதற்காகத்தான் விழுப்புரம் பக்கம் வந்தார்கள். இங்கே கவலை கற்பனையில்லை. வெட்டுக்கு முன் கடன் இருந்தவர்கள் 99 சதவீதம், பின் 13 சதவீதம். பொருளை அடகு வைத்திருந்தவர்கள் முன் 78 சதவீதம், பின் 4 சதவீதம். பெரியம்மாவின் கம்மல் புள்ளிவிவரத்தில் ஏறிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றிய இடம் இதுதான்.

வடிவமைப்பு இங்கே தலைகீழ். அதே விவசாயியை வெட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அவருடைய படிப்பு நான்கு மாதத்தில் மாறிவிடாது, சின்ன வயதுச் சாப்பாடு மாறாது, குணம் மாறாது. 'ஏழைகள் வேறு மாதிரி ஆட்கள்' என்று சொல்கிறவரின் வாயை இது அடைத்துவிடுகிறது. ஒப்பிடப்படுகிற ஏழையும் பணக்காரரும் இங்கே ஒரே ஆள்.

சோதனையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். நிறங்களின் பெயர்களை வேறு நிற மையில் அச்சடித்து, சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை உளவியலில் பிரபலம். எழுத்துப் பழக்கம் குறைவான இடத்தில் அது வேலைக்கு ஆகாது. அதனால் எண்களில் வைத்தார்கள். அட்டையில் இப்படி இருக்கும்:

5 5 5

எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேள்வி. சரியான பதில் மூன்று. நாக்கில் வருவது ஐந்து. அந்த ஐந்தை விழுங்கிவிட்டு மூன்று என்று சொல்ல ஒரு சின்ன முயற்சி வேண்டும். முழுங்கிய நேரத்தையும், முழுங்க முடியாமல் தவறிய தடவைகளையும் எண்ணுகிறார்கள். நான் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிக் கேட்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பில் பாதிப் பேர் 'ஐந்து' என்று கத்துவார்கள்.

விவசாயிகள் இந்தச் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன் சராசரியாக 146 விநாடி எடுத்தார்கள், பின் 131 விநாடி. தவறுகள் 5.93 இலிருந்து 5.16 ஆகக் குறைந்தன. ரேவன் புதிரில் சரியான விடைகள் 4.35 இலிருந்து 5.45 ஆகக் கூடின.

இனி இரண்டாவது எதிர்வாதி. இரண்டாம் முறை செய்கிறபோது யாருக்குத்தான் நன்றாக வராது? எல்லோருக்கும் 'முன்' முதலில், 'பின்' இரண்டாவது. வரிசையை மாற்ற வழியில்லை. ஒரே ஆட்களை இருமுறை சோதிக்கும் எந்த வடிவமைப்புக்கும் இதுதான் ஜன்ம வியாதி. ஆய்வகத்தில் என்றால் பாதிப் பேருக்கு வரிசையைத் திருப்பிவிடலாம். கரும்பைத் திருப்பி நட முடியாது. அவர்கள் செய்தது வேறு: குலுக்கலில் 100 விவசாயிகளை முதல் சுற்றில் தொடாமல் ஒதுக்கிவைத்து, வெட்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சோதித்தார்கள். இவர்களுக்குப் பயிற்சி கிடையாது. இவர்களை வெட்டுக்கு முன் முதன்முறையாகச் செய்தவர்களோடு ஒப்பிட்டபோதும் அதே திசையில் வித்தியாசம் வந்தது. ஒரே ஆட்கள் வடிவமைப்புக்குள் வெவ்வேறு ஆட்கள் வடிவமைப்பு ஒன்றைச் சொருகிவைத்தார்கள் என்று இதைச் சொல்லலாம். எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த முடிவு இது. அதிகச் செலவில்லாத, அநேகமாக எந்த முதுகலை ஆய்விலும் செய்யக்கூடிய வேலை, ஆனாலும் செய்கிறவர்கள் குறைவு.

மூன்றாவது எதிர்வாதி பஞ்சாங்கம். முன்பு மழைக்காலம், பின்பு வெயில் காலம் என்றால்? நடுவில் பொங்கல் வந்துபோனால்? இங்கேதான் ஆலையின் அரவைத் திறன் உதவிக்கு வந்தது. வட்டாரத்துக் கரும்பு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அரைக்க எந்த ஆலையாலும் முடியாது, அதனால் வெட்டு மாதக்கணக்கில் பிரிந்து நடக்கிறது. ஒரே மாதத்தில், ஒரே வட்டாரத்தில், ஒருவருக்கு வெட்டு முடிந்திருக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் உத்தரவுக்குக் காத்திருப்பார். வெயிலும் பொங்கலும் இருவருக்கும் பொது.

வெட்டு உத்தரவு எப்படி வருகிறது என்று ஊரில் கேட்டால், 'செல்வாக்கு இருந்தால் சீக்கிரம் வரும்' என்பார்கள். அதில் எவ்வளவு உண்மையோ, ஒரு ஆய்வாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கக் கூடாது. சீக்கிரம் வெட்டியவர்கள் ஏற்கனவே வசதி கூடியவர்கள் என்றால் பக்கத்துக் காடுகளை ஒப்பிடுவது மட்டும் போதாது. ஆனால் இதே ஆளை இருமுறை சோதிப்பதால் அந்தச் சந்தேகம் அடங்குகிறது. அதாவது, பிரிந்து நடக்கும் வெட்டு பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்கிறது, இருமுறைச் சோதனை செல்வாக்கைப் பார்த்துக்கொள்கிறது. தனித்தனியாக இரண்டுமே அரைகுறைதான்.

பசி, மன அழுத்தம் ஆகியவற்றையும் விடவில்லை. வெட்டுக்கு முன் இவர்கள் சாப்பாட்டுக்குச் செலவழிப்பது குறையவில்லை. சிறிய ஒரு மாதிரியில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அளந்தார்கள். அவை வெட்டுக்கு முன் கூடுதலாகத்தான் இருந்தன, ஆனால் கணக்கில் அவற்றைக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது.

கேட்பவருக்கு எது முன், எது பின் என்று தெரியாமல் வைப்பது மட்டும் இங்கே முடியாத காரியம். காடு மொட்டையாக நிற்பதை வாசலிலிருந்தே பார்த்துவிடலாம். ஸ்ட்ரூப் அட்டையை நீட்டுகிறவரின் குரலில் ஒரு துளி உற்சாகம் கூடினாலும் அளவு மாறலாம். நான் செய்திருந்தால் கள ஆட்களுக்குக் கருதுகோளையாவது சொல்லாமல் மறைத்திருப்பேன்.

குறை கண்டவர்கள்

செய்தித்தாள்கள் '13 ஐக்யூ புள்ளி' என்று தலைப்புப் போட்டன. கட்டுரையில் அந்த ஒப்பீடு இருந்தது உண்மைதான், விளைவின் அளவைப் பழக்கப்பட்ட ஒரு அலகுக்கு மாற்றிச் சொன்னது. அந்த எண் மட்டும் தனியாகப் பிய்ந்து ஊர் சுற்றியது.

அதே 2013 கடைசியில் யெல்டே விகெர்ட்ஸும் அன்னமாரி ஸ்கோல்டனும் அதே இதழில் ஒரு மறுப்பு எழுதினார்கள். அவர்கள் பிடித்தது வணிக வளாகப் பாதியை. அங்கே வருமானத்தை இடைநிலை மதிப்பில் வெட்டி, கீழே இருப்பவர் ஏழை, மேலே இருப்பவர் பணக்காரர் என்று பிரித்திருந்தார்கள். கோட்டுக்கு ஒரு டாலர் கீழே இருப்பவரும் ஒரு டாலர் மேலே இருப்பவரும் எதிரெதிர்க் கட்சி. அடிமட்டத்தில் இருப்பவரும் கோட்டை ஒட்டி நிற்பவரும் ஒரே கட்சி. வருமானத்தை வெட்டாமல் உள்ளபடியே கணக்கில் சேர்த்துப் பார்த்தால் முன்பு வித்தியாசம் காட்டிய மூன்று சோதனைகளிலும் ரேவன் புதிர் முடிவுகள் தனித்தனியே, தற்செயல் இல்லை என்று சொல்லத் தேவையான புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை என்று காட்டினார்கள். மூலக் கட்டுரைக்காரர்கள் பதில் எழுதினார்கள்: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விளைவு நிற்கிறது என்று.

என் கட்சி இதில் மறுப்பாளர்கள் பக்கம். தொகை குலுக்கலில் கொடுக்கப்பட்டது, வருமானம் அப்படியில்லை. ஆட்கள் அதைத் தங்களோடு கொண்டுவந்தார்கள். சோதனையின் பாதிதான் உண்மையில் சோதனை. மற்ற பாதியில் எங்கே கோடு போடுவது என்பதை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. ஒரு நிலைக்கு இருபது முப்பது பேர் என்பதும் இப்படி வருமானமும் தொகையும் சேர்ந்தால் மட்டும் தெரிகிற ஒரு கூட்டு விளைவைப் பிடிக்கப் போதாது. கரும்புக் காட்டுப் பாதி இந்த அடியில் அவ்வளவாக ஆடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே வருமானக் கோடு என்று ஒன்றே தேவைப்படவில்லை.

இன்னும் ஒன்று செய்திருக்கலாம். அதே விவசாயிகளை அடுத்த வருட வெட்டுக்கு முன்பும் போய்ப் பார்த்திருந்தால், பயிற்சியால் ஏறிய மதிப்பெண் ஏறியபடியே நிற்கும், கவலையால் இறங்கியது மறுபடி இறங்கும். இரண்டும் பிரிந்து தெரிந்திருக்கும். செலவும் ஒரு வருடமும் கூடியிருக்கும்.

அதற்கு அப்புறம்

2016 இல் லியான்ட்ரோ கார்வாலோ, ஸ்டெஃபன் மையர், ஸ்டெஃபனி வாங் ஆகியோர் அமெரிக்காவில் வருமானம் குறைந்த சில ஆயிரம் பேரிடம் ஒரு சுத்தமான வடிவமைப்பை வைத்தார்கள். சம்பள நாளுக்குச் சற்று முன் யாரைச் சோதிப்பது, சற்றுப் பின் யாரைச் சோதிப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. பயிற்சி விளைவு இல்லை, செல்வாக்கு இல்லை. அறிவாற்றல் சோதனைகளில் இரு குழுவுக்கும் வித்தியாசமும் இல்லை.

இதை வைத்து விழுப்புரம் முடிவு பொய் என்றுவிடலாமா? சம்பளத்துக்கு முந்தைய வாரம் வேறு, வருடத்துக்கு ஒரு முறை வரும் பணத்துக்கு முந்தைய மாதம் வேறு. குலுக்கல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மருந்தின் அளவு குறைவாக இருந்தால் குணம் தெரியாது. அதே சமயம், பற்றாக்குறை மனதை என்ன செய்கிறது என்று பார்க்கும் உளவியல் துறையில் ஏற்கனவே வெளியான 20 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு குழு 2021 இல் முடிவை வெளியிட்டபோது நான்குதான் மறுபடி நின்றன. இந்தத் துறையை நம்பிக்கையோடு மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

எனக்குத் திருப்தி தந்தது ஒடிசாவில் நடந்த ஆய்வு. சுப்ரீத் கவுர், முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோருடையது. உணவகங்களுக்கு இலைத் தட்டு தைக்கும் 408 தொழிலாளர்கள், தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. எல்லோருக்கும் மொத்தக் கூலி விகிதம் ஒன்றே, ஆனால் சிலருக்குப் பணத்தின் ஒரு பகுதி முன்னதாகக் கைக்கு வந்தது, சிலருக்குப் பின்னால். யாருக்கு எப்போது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. முன்னதாகப் பணம் பெற்றவர்களில் வறுமை கூடியவர்கள் அதிகத் தட்டுகள் தைத்தார்கள், கவனப் பிசகால் வரும் தவறுகளும் அவர்களிடம் குறைந்தன. யாரையும் ஏழையாக்காமல் குலுக்கலை உள்ளே கொண்டுவர வழி இருந்திருக்கிறது. பணத்தைத் தொடாமல் தேதியை மட்டும் தொட்டார்கள்.

போன வருடம் முதுகலை மாணவி ஒருவர் ஆய்வுத் திட்டத்தோடு வந்தார். விடுதிக் கட்டணம் பாக்கி வைத்திருக்கும் 30 பேர், கட்டிவிட்ட 30 பேர், இருவருக்கும் கவனச் சோதனை. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம். மறுநாள் வந்து, "சார், உதவித்தொகை எல்லாருக்கும் ஒரே நாள்ல வராது, பாதிப் பேருக்கு முன்னாடி, பாதிப் பேருக்குப் பின்னாடி. அதை வெட்டு உத்தரவு மாதிரி வச்சுக்கலாமா?" என்றார்.

"வச்சுக்கலாம்மா. ஆனா முன்னாடி யாருக்கு வருது, ஏன் வருதுன்னு முதல்ல பாரு."

ஒரு வாரம் அலுவலகத்துக்கு நடந்து பட்டியலோடு திரும்பினார். இரண்டாம் தவணையில் வந்தவர்களில் பதினொரு பேருக்குக் காரணம் வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாதது. அப்படி விடுபடுகிறவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள்தானா என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்தப் பதினொரு பேரைத் தனியாகக் குறித்துக்கொண்டு, எல்லோரையும் இருமுறை சோதிப்பது என்றும், இருபது பேரை முதல் சுற்றில் தொடாமல் வைப்பது என்றும் முடிவு செய்தார். அந்த இருபது பேரை எடுக்க விடுதி வருகைப் பதிவேட்டை வைத்துச் சீட்டுக் குலுக்கினோம். சீட்டுக்கு அவர் கிழித்தது பழைய ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கம்.